வாக்குப் போட்டு என்ன கண்டோம் என்ற கேள்விக்கு

அக்கரைப்பற்றிலிருந்து எழுதியிருக்கும் தம்பியின் கேள்வி இது: “1931 முதல் வாக்களித்து வருகிறோம், கண்ட பலன் என்ன? சிங்கப்பூரும் சீனாவும் வாக்குச்சீட்டை நம்பியா முன்னேறின? திறமையும் நேர்மையும் உள்ள ஒருவரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு நாட்டை ஒப்படைத்தால் என்ன?” பாடப்புத்தகத்தை ஒப்புவிக்க வேண்டாம் என்றும் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். ஜனநாயகமா எதேச்சாதிகாரமா என்று பாடசாலை விவாதப் போட்டிகளில் கொடுக்கும் பழைய தலைப்பாக அது எனக்குப் படவில்லை. நாடு முழுவதையும் எண்ணும்போது எப்போதும் சிறுபான்மையாகவே நிற்கும் கிழக்கின் தமிழ் பேசும் இளைஞர் ஒருவர், தலையெண்ணும் முறையால் தம் மக்களுக்கு நேர்ந்த தீங்கைத் தலையெண்ணாத ஓர் ஆட்சி தீர்த்துவைக்குமா என்றே கேட்கிறார். அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

நான் முப்பத்தோர் ஆண்டுகள் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்தவன். தேர்தல் நாட்களில் வாக்களிப்பு நிலையத்தில் தலைமைதாங்கும் அலுவலராகப் பலமுறை கடமையாற்றியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பின்னர் உன்னிச்சைக் குளத்து நீரில் செய்யும் குடும்ப வயலைப் பார்த்துக்கொண்டு, எங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளராகவும் இருக்கிறேன். பொருளியல் எனது துறையன்று. நாடுகளின் வளர்ச்சி பற்றி இங்கே சொல்வதைப் பிறருடைய ஆய்வுகளை வாசித்தவனாகவே சொல்கிறேன்.

உங்கள் மனக்குறையில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருங்கே கிடைத்த வாக்குரிமை ஆசியாவிலேயே முற்பட்டது. அதில் நாம் பெருமை கொள்வது நியாயமே. ஆயினும் வாக்கால் அமைந்த பாராளுமன்றமே 1948 இல் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி மலையகத் தமிழரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் அவர்களுடைய வாக்கும் போயிற்று. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றியவர்களும் மக்களால் தெரிவுசெய்யப்பட்டவர்களே. அந்த ஜூன் மாதத்திலேயே, இன்று அம்பாறை மாவட்டமாக இருக்கும் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர் கொல்லப்பட்டனர். சுதந்திரத்தின்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு அளித்திருந்த சிறிய காப்பையும் 1972 அரசியலமைப்பு கைவிட்டது. இவை பழைய கதைகள் என்று தோன்றினால், 2020 ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தது வாக்குப் பலத்தோடு வந்த ஆட்சிதான். 2021 மார்ச்சில் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய வழி பிறக்கும்வரை, பெற்றோரின் உடலைக் கேட்டு மன்றாடிய குடும்பங்கள் காத்தான்குடியிலும் கல்முனையிலும் உண்டு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அந்தக் குடும்பங்களுக்கு அது என்ன ஆறுதலைத் தந்திருக்கும் என்று அவர்களே சொல்ல வேண்டும். ஆகவே, பெரும்பான்மை வாக்கு இருந்தால் நீதி தானாக வந்துவிடும் என்று எவராவது உங்களுக்குக் கற்பித்திருந்தால் அது பிழை. ஆசிரியத் தொழிலின் முதற் சில ஆண்டுகளில் நானும் அவ்வாறே கற்பித்தேன்.

இனிச் சிங்கப்பூர். லீ குவான் யூ 1959 முதல் 1990 வரை பிரதமராக இருந்தார். அவருடைய காலத்தில் எதிர்த்தவர்கள் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டதும் பத்திரிகைகள் கட்டுப்படுத்தப்பட்டதும் உண்மை. 1966 இல் கைதான எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் 23 ஆண்டுகள் வழக்கின்றிக் காவலில் இருந்தார். அந்த நகர அரசு வளர்ந்ததும் உண்மை. முன்னதுதான் பின்னதற்குக் காரணமா என்பது வேறு கேள்வி. கப்பற்பாதையில் அமைந்த துறைமுகம், ஆங்கிலேயர் விட்டுச்சென்று பின்னவர் கெடுக்காமல் வைத்திருந்த நீதிமன்றங்கள், 1952 இலேயே அமைந்த ஊழல் விசாரணைப் பணியகம், நல்ல சம்பளம் பெறும் அரச சேவை, தவணை தவறாமல் நடந்த தேர்தல்கள் என்று பல உள்ளன. எது எவ்வளவு பங்காற்றியது என்பதைப் பிரித்துக் காட்டுவது எளிதன்று. எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அங்கே நான்கில் மூன்று பங்கினர் சீனர். இருந்தும் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அரச மொழிகள். நாம் 1956 இல் செய்ததற்கு நேர்மாறான முடிவு அது. சிங்கப்பூரைப் போல ஒரு தலைவர் வேண்டும் என்று பேருந்திலும் தேநீர்க் கடையிலும் பேசுகிறவர்கள் அந்தக் கண்டிப்பைக் கேட்கிறார்களே தவிர இந்த மொழிக் கொள்கையைக் கேட்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பல மொழிகளுக்குச் சமஇடம் கொடுக்க எதேச்சாதிகாரம் தேவையில்லை என்பதற்குச் சுவிற்சர்லாந்தே சான்று.

சீனாவைப் பற்றி ஒன்று நிச்சயம்: 1978 இன் பின்னரான சீர்திருத்தங்கள் ஏறத்தாழ 80 கோடிப் பேரைக் கடும் வறுமையிலிருந்து மீட்டன. மனித வரலாற்றில் அதற்கு ஈடில்லை. அதைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அதே கட்சியின் அதே வகை ஆட்சியில்தான் 1959 முதல் 1961 வரை பெரும் பஞ்சமும் வந்தது. இறந்தோர் தொகையை ஆய்வாளர்கள் ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை பலவாறு மதிப்பிடுகின்றனர். ஒரே மரத்தில் காய்த்த இரண்டு காய்களில் ஒன்றை மட்டும் காட்டி மரத்துக்கு விலை பேசக்கூடாது. அதுபோலவே, லீயைச் சொல்பவர் 1965 முதல் 1997 வரை சயீரை (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசை) ஆண்ட மொபுட்டுவையும், 1965 முதல் 1986 வரை பிலிப்பைன்ஸை ஆண்ட மார்க்கோஸையும், 1962 இல் பர்மாவைக் கைப்பற்றிய நே வின்னையும் சேர்த்தே எண்ண வேண்டும். நே வின்னின் ஆட்சியில், ஒருகாலத்தில் அரிசி ஏற்றுமதியில் உலகில் முன்னின்ற நாடு 1987 இல் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆட்சியாளர்களும் தொடக்கத்தில் ஒழுங்கையும் வேகத்தையும் தருவதாக உறுதி கூறியவர்களே.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றால், உறுதியானதும் உறுதியற்றதும் கலந்தே கிடக்கின்றன. அரசியல் அறிஞர் அடம் பிரெஸ்வோர்ஸ்கியும் அவரது குழுவினரும் 1950 முதல் 1990 வரையான காலத்தை ஆராய்ந்து, சராசரி வளர்ச்சியில் இருவகை ஆட்சிக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றனர். எதேச்சாதிகார நாடுகளிடையே ஏற்ற இறக்கம் மிகுதி, அதாவது மிகச் சிறந்தவையும் மிக மோசமானவையும் அவற்றுக்குள்ளேயே இருந்தன. 2019 இல் பொருளியலாளர் டாரன் அசெமொக்லுவும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, ஜனநாயகத்துக்கு மாறிய நாடுகளின் தலைக்குரிய வருமானம் கால் நூற்றாண்டில் ஏறத்தாழ 20 வீதம் கூடுதலாகிறது என்று கணித்தது. இந்த இரண்டாவது முடிவை எல்லாரும் ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. பஞ்சத்தைப் பற்றி அமார்த்தியா சென் சொன்னதோ இன்றுவரை வலுவாக நிற்கிறது: முறையான தேர்தலும் சுதந்திரப் பத்திரிகையும் இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை. அதற்கான காரணத்தை விளக்க நான் சீனாவுக்குப் போக வேண்டியதில்லை; எங்கள் குளத்தங்கரையே போதும்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமைதாங்குவார். நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமநல, விவசாய உத்தியோகத்தர்களும் மேசையில் இருப்பார்கள். எதிரே வயற்கண்டங்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டைவிதானைமாரும் கமக்காரரும். விதைப்பு எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடிவது, எத்தனை மாத நெல், எத்தனை ஏக்கர், குளத்துக் கதவை எப்போது திறப்பது, மாடுகளை வயற்பகுதியிலிருந்து எப்போது அப்புறப்படுத்துவது என்பன அங்கே முடிவாகும். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டப்படி அந்த முடிவு எல்லாரையும் கட்டுப்படுத்தும். கூட்டம் ஒழுங்காக நடக்கும் என்று சொல்லமாட்டேன். சத்தம் எழும், பழைய பகைகள் தலைகாட்டும், பிற்பகலாகியும் முடியாது. ஒரு சிறுபோகத்துக் கூட்டத்தில், குளத்தின் நீர்மட்டத்தை வைத்துப் பொறியியலாளர் ஒரு கணக்கை வாசித்தார். அந்தக் கணக்கில் பிழையில்லை. அப்போது பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து, கிளை வாய்க்காலின் போக்குக் குழாய் மண்மூடிக் கிடப்பதால் கதவு முழுதாகத் திறந்தாலும் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் வந்துசேராது என்றார். மறுநாள் பொறியியலாளர் நேரில் போய்ப் பார்த்தார். ஏக்கர்க் கணக்கு திருத்தப்பட்டது. அந்த முதியவர் பொறியியலாளரைவிட அறிவாளி என்று நான் சொல்லவில்லை. வாய்க்காலின் கடைசியில் நிற்பவருக்குத்தான் தண்ணீர் வராதது தெரியும். அவர் எழுந்து சொல்வதற்கு ஓர் இடமும், சொன்னதற்காகப் பின்னர் தண்டனை வராது என்ற நம்பிக்கையும் இருந்தன. 1959 இல் சீன மாவட்ட அதிகாரிகளுக்கு அது இருக்கவில்லை. இல்லாத விளைச்சலை இருப்பதாக எழுதி மேலே அனுப்பினார்கள்; அந்த எண்ணை நம்பி அரசாங்கம் தானியத்தை அள்ளிச் சென்றது; விளைவித்தவர்கள் பட்டினியால் இறந்தார்கள்.

எங்களுக்கும் 2021 இல் அதன் ஒரு சாயல் நேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அறிவித்து மே மாதத்தில் வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளையின் இறக்குமதியை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நிறுத்தினார். எந்தக் குளத்து ஆரம்பக் கூட்டத்திலும் அது கேட்கப்படவில்லை. விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தும் பயனில்லை. நாட்டின் நெல்லில் பெரும்பங்கைத் தரும் மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று என்பதால், அந்தப் பெரும்போகத்தில் மஞ்சளித்துக் குட்டையாக நின்ற பயிரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டது; நாடளாவிய பெரும்போக விளைச்சல் முந்தியதைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்தது; 2022 ஜனவரியில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கமக்காரருக்கு 4,000 கோடி ரூபா இழப்பீடு அறிவிக்க நேர்ந்தது. அந்த முடிவை எடுத்தவர் 2019 இல் வாக்குகளால் வென்றவர் என்று நீங்கள் மறுத்துரைக்கலாம். சரியான மறுப்பு. ஆனால் 2020 ஒக்டோபரில் 20 ஆம் திருத்தம் நிறைவேறி அவர் கையில் அதிகாரம் குவிந்த பின்னர், இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் அவரைச் சுற்றிக் குறைந்திருந்தார்கள். நீங்கள் கேட்கும் பதினைந்து ஆண்டு ஆட்சியின் ஒரு சிறு துண்டு அது. ஆறு மாதத்தில் அது திரும்பியதற்குக் காரணம், கமக்காரர் வீதியில் இறங்க முடிந்ததும், பயிரின் படங்களைப் பத்திரிகைகள் போட முடிந்ததுமே.

கேள்வியில் இன்னொரு சிக்கலும் உண்டு. திறமையும் நேர்மையும் உள்ள ஒருவர் என்று நீங்கள் எழுதும்போது அவரை நீங்களே தெரிவுசெய்வதுபோல எண்ணிக்கொள்கிறீர்கள். வாக்கில்லாத நாட்டில் அவரை யார் தெரிவுசெய்வது? இந்த நாட்டில் வாக்கை நம்பாமல் ஆளப்போகிறவர் படையை நம்பித்தான் ஆள வேண்டும். படையினரில் மிகப் பெரும்பாலோர் ஒரே சமூகத்தவர். 1956 இல் நம்மை வருத்திய அதே பெரும்பான்மை, எண்ணிக்கைக்குப் பதிலாகத் துப்பாக்கியோடு வரும். முயன்று பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. 1977 இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை வென்ற ஜே. ஆர். ஜயவர்தன, 1978 அரசியலமைப்பால் நிறைவேற்று அதிகாரத்தைத் தம்மிடம் எடுத்துக்கொண்டார். தமது கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடாத பதவிவிலகற் கடிதங்களை வாங்கி வைத்தார். 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பை நடத்திப் பாராளுமன்றத்தின் காலத்தை ஆறு ஆண்டுகள் நீடித்தார். அபிவிருத்திக்கு உறுதியான ஆட்சி வேண்டும் என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். ஏழு மாதத்தில், தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயல்கள் வந்தன. ஒன்றிலிருந்தே மற்றது பிறந்தது என்று நான் நிறுவ முடியாது. ஆனால் அந்த ஜூலையில் அரசாங்கத்துக்குத் தேர்தலைப் பற்றிய பயம் இருக்கவில்லை என்பது நிச்சயம்.

போர்க்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஆண்டுகளில் எங்கள் கிராமங்களில் தீர்ப்புகள் மிக விரைவாகக் கிடைத்தன. ஆயுதம் வைத்திருந்தவர் எந்தப் பக்கத்தவராயினும், அவர் சொன்னதே முடிவு. களவு குறைந்தது என்று அக்காலத்தைப் புகழ்பவர்கள் இன்றும் உண்டு. காணாமற்போன மகனைப் பற்றி எவரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்ற தாய்மாரும் அதே கிராமங்களில்தான் இருந்தார்கள். சிலர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்சியாளர் எப்படிப் போகிறார் என்பது, எப்படி வருகிறார் என்பதைப் போலவே முக்கியமானது. 2022 ஜூலையில் அதே ஜனாதிபதி கோட்டாபய நாட்டைவிட்டுப் போய்ப் பதவி விலகினார். ஒரு வாரத்துக்குள் பாராளுமன்றம் வாக்களித்து அடுத்தவரைத் தெரிவுசெய்தது. 2024 செப்டெம்பரில் மக்கள் வாக்களித்து அவரையும் மாற்றினார்கள். அன்று வென்ற அநுர குமார திசாநாயக்கவின் கட்சியான ஜே.வி.பி. 1971 இலும் 1980 களின் முடிவிலும் ஆயுதமேந்தி, பல்லாயிரம் இளைஞரை இழந்தும் அடைய முடியாததை, 2019 இல் மூன்று வீதமளவே வாக்குப் பெற்றிருந்த நிலையிலிருந்து ஐந்தே ஆண்டுகளில் வாக்குப்பெட்டியால் அடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் இருபத்திரண்டு தேர்தல் மாவட்டங்களில் மட்டக்களப்பு மட்டுமே வேறு கட்சியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. ஏன் அப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்டு எங்கள் ஊரில் எவர் வீட்டுக் கதவையும் யாரும் தட்டவில்லை. எனது இளமைக் காலத்தோடு ஒப்பிடும்போது இது சிறிய விடயமன்று.

அரசியல்வாதிகள் வேண்டாம், அதிகாரிகளே நிர்வகிக்கட்டும் என்பதும் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் நிற்கும் எண்ணம். அதைக் கிழக்கில் நாம் இப்போதே கண்டுகொண்டிருக்கிறோம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது; இதை எழுதும் நாள்வரை மறுதேர்தல் இல்லை; ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரும் செயலாளர்களுமே மாகாணத்தை நடத்துகிறார்கள். உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் காலாவதியாகி, தேர்தல் தள்ளிப்போய், 2025 மே வரை அதிகாரிகளின் கையில் இருந்தன. அந்தத் தள்ளிப்போடல் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமாகச் சொன்னால், அக்காலத்தில் குப்பை அள்ளப்பட்டது, சம்பளம் கொடுக்கப்பட்டது, சில அதிகாரிகள் தவிசாளர்களைவிடத் திறமையாகவும் வேலை செய்தார்கள். ஆனால் வீதி ஒன்று ஏன் எங்கள் பக்கம் வராமல் வேறு பக்கம் போகிறது என்று கேட்கப் போனால், மேலிடத்து முடிவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முன்னர் உறுப்பினரிடம் சண்டை பிடித்தாவது காரணத்தை அறியலாம்; வரவுசெலவுத் திட்டம் சபையில் வாசிக்கப்படும்; எதிர்த்து ஒருவர் பேசுவார்; அடுத்த நாள் பத்திரிகையில் வரும். உறுப்பினர்களில் தரகுப்பணம் வாங்கியவர்களும் இருந்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை.

எனக்கே தெளிவில்லாத ஓர் இடத்தோடு நிறுத்துகிறேன்: நிரந்தரச் சிறுபான்மையை வாக்குமுறையால் எவ்வளவு தூரம் காக்க முடியும்? அரசியல் அறிஞர்களில் அரெண்ட் லைப்ஹார்ட், ஆட்சியிலேயே எல்லாச் சமூகங்களுக்கும் பங்கு வைக்க வேண்டும் என்றார். டொனால்ட் ஹொரோவிட்ஸ், பிற சமூகத்தின் வாக்கில்லாமல் வெல்ல முடியாத தேர்தல்முறை வேண்டும் என்றார். நமது ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம், மூன்றாம் தெரிவாக அளிக்கும் விருப்பு வாக்கு அதற்கு உதவும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அந்த விருப்பு வாக்குகள் முதன்முதலாக எண்ணப்பட்டதே 2024 இல்தான். 2015 இல் மட்டக்களப்பில் பத்தில் எட்டுப் பேர் அளித்த வாக்கு ஓர் ஆட்சியை மாற்ற உதவியது. 2019 இல் வடகிழக்கின் வாக்கு பெரும்பாலும் எதிராக இருந்தும் வென்றவர் வென்றார். இந்த இரண்டு தேர்தல்களையும் அடுத்தடுத்து வைத்து மாணவர்கள் என்னிடம் கேட்டபோது, அதிகாரப் பகிர்வும் சுதந்திர நீதிமன்றமும் கூடவே இருந்தால்தான் வாக்கு நம்மைக் காக்கும் என்று சொன்னேன். அது எனது கணிப்பு. இந்த நாட்டில் அவை இரண்டும் நீண்டகாலம் ஒருங்கே இருந்ததில்லை என்பதால், நிறுவப்பட்ட உண்மையாக அதை உங்களிடம் தர முடியவில்லை. தெரிவான மாகாண சபை ஒன்று மீண்டும் திருகோணமலையில் கூடினால், அதன் ஒரு பகுதியையாவது நாம் இங்கே சோதித்துப் பார்க்கலாம்.